அப்பாவைக் கடலில் வழியனுப்ப: ராமநாதபுரம் கரையில் எது முடியும், எது முடியாது

கேள்வி இதுதான். தேவிபட்டினத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா இளவயதில் கடற்படையில் சேர்ந்து, 15 வருடம் மாலுமியாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். "நான் போயிட்டா மண்ணுல போடாதீங்க, எரிக்கவும் வேணாம், கடல்லயே விட்டுருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உறவுக்காரர்கள் இது என்ன பேச்சு என்று கோபப்படுகிறார்கள். மகள் கேட்கிறார்: இது நடக்குமா? கடற்படை வந்து மரியாதை செய்யுமா? உடல்மேல் தேசியக் கொடி போர்த்தலாமா?

நானும் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவன்தான், மண்டபத்தில் குடியிருக்கிறேன். இந்தக் கடலையும் அந்தச் சடங்கையும் ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கச்சி, உடலை அப்படியே கடலில் இறக்குவது இங்கே நடக்காது. அஸ்தியைக் கொண்டுபோய், ஒரு மாலுமிக்கு உரிய முறையோடு கடலில் சேர்ப்பது நிச்சயம் நடக்கும். அதை ஒழுங்காகச் செய்தால் அப்பாவின் ஆசை முழுசாகவே நிறைவேறியதாகத்தான் அர்த்தம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். அவரிடமே எடுத்துச் சொல்ல உங்களுக்கு உதவும்.

முதலில், அவருக்கு ஏன் இந்த ஆசை என்பதை உறவுக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் கரை காணாமல் மாதக்கணக்கில் போவார்கள். ஒருவர் இறந்தால் உடலை வைத்திருக்க வழி கிடையாது. அவர் படுத்துத் தூங்கிய கித்தான் தூளியிலேயே உடலைச் சுற்றித் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டைக் கட்டி, ஒரு பலகையில் கிடத்திக் கொடி போர்த்துவார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்க, ஜெபம் படித்து முடித்ததும் பலகையைச் சாய்ப்பார்கள். உடல் கொடிக்கு அடியிலிருந்து சரிந்து கடலுக்குப் போகும், கொடி கப்பலிலேயே நிற்கும். இப்போது கப்பல்களில் குளிர்பதன அறை இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது, உடலை ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் கப்பலில் வேலை பார்த்தவன் மனசில் அந்தச் சடங்குக்கு ஓர் இடம் உண்டு.

உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று இரவு, டையூ கரைக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனோடே மூழ்கினார். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, கடல்தான் கல்லறை. டையூவில் நினைவிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடற்படையில் இருந்தவர்களில் பலருக்கு அந்தக் கப்பலில் தெரிந்த முகம் ஒன்றாவது இருந்திருக்கும். "கடல்லயே விட்டுருங்க" என்று ஒரு பழைய மாலுமி சொன்னால், கூட இருந்தவர்கள் கிடக்கும் இடத்தில் தானும் இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கலாம். அதைக் கிறுக்குப் பேச்சு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

சரி, உடலை ஏன் இறக்க முடியாது? சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம் கடலைப் பாருங்கள். உங்கள் ஊர் வடகடல், அதாவது பாக் ஜலசந்தி, பாக் விரிகுடாப் பக்கம். தேவிபட்டினத்திலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் பத்து மீட்டர் முன்னே பின்னேதான். பாகக் கணக்கில் சொன்னால் ஐந்தாறு பாகம் (ஒரு பாகம் ஆறடி). அமெரிக்காவில் உடலைக் கடலில் அடக்கம் செய்யச் சட்டப்படி அனுமதி உண்டு. ஆனால் அங்கே கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும், ஆழம் குறைந்தது 600 அடி இருக்க வேண்டும், சில பகுதிகளில் 1,800 அடி. பெட்டியில் இறக்குவதானால் தண்ணீர் உள்ளே புகுந்து உடனே மூழ்குவதற்காக அதில் நிறையத் துளைகள் போட்டு, எடையும் சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் நியூஹேவன், நீடில்ஸ், டைன்மவுத் என்று சில இடங்களை மட்டும் ஒதுக்கி, உரிமம் வாங்கியவர்களை மட்டும் விடுகிறார்கள். மீன்பிடி வலையில் உடல் மாட்டக் கூடாது என்பதும் அந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

இதை நம் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் போகும் விசைப்படகுகள் இழுவலையை அடிமட்டத்தில் இழுத்துக்கொண்டு போகின்றன. ஐந்தாறு பாகத் தண்ணீரில் எவ்வளவு எடை கட்டி இறக்கினாலும், அடுத்த தொழில் நாளிலேயே யாருடைய வலையிலாவது அது மேலே வரலாம். அந்தப் படகில் இருப்பவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கரைக்குத் தகவல் சொல்ல வேண்டும், கடலோரக் காவல் குழுமம் வரும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆவது பிரிவில் வழக்குப் பதிவாகும், உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று நாம் கேள்விப்பட்டிருப்போமே, அதுதான் இது. நிம்மதியாகப் போய்ச் சேர நினைத்த மனிதரை அடையாளம் தெரியாத சடலமாக ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் கிடத்துவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும்.

தென்கடல் பக்கம் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். மன்னார் வளைகுடாவில் வெகுதூரம் போனால் ஆழம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் கரையை ஒட்டி, ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பவளத்திட்டும் கடல்புல்லும் ஆவுளியாவும் (கடல் பசு) உள்ள இடம், வனத்துறைக் கட்டுப்பாடு கடுமையானது. அதைத் தாண்டி ஆழம் தேடிப் போவது ஒரு குடும்பம் வாடகைப் படகில் செய்கிற காரியம் இல்லை.

இந்தியாவில் ஒரு குடும்பம் தானே உடலைக் கடலில் அடக்கம் செய்ய விண்ணப்பித்து அனுமதி வாங்குகிற தனி முறை எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, சொந்த நிலத்தில் புதைப்பதற்கே அனுமதி வேண்டும். இதற்காக வக்கீலிடம் ஓடி நாளைக் கடத்தாதீர்கள். அப்பா கண்மூடிய பிறகு, வீட்டில் உடலை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இப்போது அப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அடிப்படையில் கடற்படை விமானி, கொரியப் போரில் பறந்தவர். 2012இல் அவர் இறந்தபோது அவருடைய குடும்பம் கடல் அடக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. செப்டம்பர் 14 அன்று யு.எஸ்.எஸ். பிலிப்பைன் ஸீ என்ற போர்க்கப்பலில் அட்லாண்டிக் கடலுக்கு எடுத்துப்போய், குடும்பத்தார் முன்னிலையில், முழுக் கடற்படை மரியாதையோடு அவரைக் கடலில் சேர்த்தார்கள். சேர்த்தது அஸ்திதான். அதைக் கடல் அடக்கம் என்றே அந்தக் கடற்படை பதிவு செய்தது. யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. "உங்களை எரிக்காமல் விட முடியாதுப்பா, ஆனால் ஆம்ஸ்ட்ராங்குக்குச் செய்த மாதிரியே செய்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். பழைய மாலுமிக்கு அது புரியும்.

நம் ஊர் மரபிலும் இதற்கு இடம் இருக்கிறது. அஸ்தி கரைக்க நாடெங்கிலுமிருந்து அக்னி தீர்த்தத்துக்கும் தனுஷ்கோடிக்கும் வருகிறார்கள். சேதுக்கரையிலும் உங்கள் தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூடுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? அதனால் உறவுக்காரர்களிடம், "எரியூட்டல் முறைப்படி நடக்கும், கடலில் கரைப்பதும் நம் வழக்கம்தான், கொஞ்சம் உள்ளே போய்ச் செய்கிறோம், அவ்வளவுதான்" என்று சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இதே ஆசை கொண்ட பெரியவர்கள் இருக்கலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்லாத்தில் நடுக்கடலில் இறந்து, உடல் கெடுவதற்குள் கரை சேர வழியில்லை என்றால் மட்டுமே கடல் அடக்கம்; கரையில் இறந்தவரை மண்ணில்தான் அடக்க வேண்டும். கத்தோலிக்கத்தில் எரிக்கத் தடையில்லை, ஆனால் 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் சாம்பலைக் கடலில் தூவுவதை ஏற்கவில்லை. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, கடலில் ஒரு மலர்வளையம் விட்டு மரியாதை செய்வது எல்லோருக்கும் பொதுவான வழி.

அடுத்து, கடற்படை வருமா என்ற கேள்வி. பணியில் இருக்கும்போது இறந்தவருக்குப் படை மரியாதை தானாக நடக்கும். ஓய்வுபெற்ற மாலுமிக்கு அப்படி உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்கலாம், கேட்க வேண்டும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, 2009இல் தொடங்கிய கடற்படை விமானதளம். தகவல் போனால், அன்றைய சூழ்நிலையைப் பொறுத்து மலர்வளையம் வைக்க ஆள் அனுப்பலாம், அனுப்ப முடியாமலும் போகலாம். நேரடியாக வாசலில் போய் நிற்பதைவிட, ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவி இயக்குநர் வழியாகப் போவது நல்லது. அந்த அலுவலகத்தில் ஈமச்சடங்கு உதவித்தொகை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை போய், இப்படி ஒருவர் இருக்கிறார், இது அவர் விருப்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இறந்த அன்றைக்கு ஓடினால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

குண்டு முழக்கம், ஆயுதத்தைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும் அணி, இதெல்லாம் வரும் என்று மனசில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 2015இல் அப்துல் கலாம் ஐயாவைப் பேய்க்கரும்பில் அடக்கம் செய்தபோது முப்படையும் நின்றதை நம் ஊர் கண்ணால் பார்த்தது. முப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த குடியரசுத் தலைவருக்கு அரசு செய்த மரியாதை அது. உங்கள் அப்பாவுக்கு அவர்கூட வேலை பார்த்த ஒரு நான்கு பேர் மெடலைக் குத்திக்கொண்டு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தால், அதன் மதிப்பு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சொல்லப்போனால் அவரை அறிந்தவர்கள் அடிக்கிற சல்யூட் அது.

கொடி விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002இன்படி அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச்சடங்குகளில் மட்டுமே உடல்மேல் தேசியக் கொடியைப் போர்த்தலாம். அப்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. குடும்பம் தானாகக் கடையில் வாங்கிப் போர்த்தினால் அது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடியை அவமதித்ததாக வழக்கில் முடியலாம். அன்பினால் செய்த காரியம் அப்படி முடிய வேண்டாம். அஸ்திக் கலசத்தைச் சுற்றுவதற்கும் தேசியக் கொடி வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணி போதும். கடற்படைக்காரனுக்கு வெள்ளையைவிடப் பொருத்தமான நிறம் எது?

இனி அந்த நாளைப் பற்றி. எந்தப் பக்கக் கடல் என்பதைக் காற்று முடிவு செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் எழும்பும், அப்போது வடகடல் குளம். வயதான அம்மாவையும் படகில் ஏற்றப் போகிறீர்கள் என்றால், அடங்கிய பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அஸ்தியைப் பத்திரமாக வைத்திருந்து நல்ல நாள் பார்த்துப் போகலாம், மூன்றாம் நாளே போயாக வேண்டும் என்று பதற வேண்டாம். வழக்கப்படி கரையில் செய்ய வேண்டியதை ஒரு பகுதி அஸ்தியை வைத்து முதலிலேயே முடித்துக்கொள்ளலாம்.

படகு விஷயத்தில் குறுக்குவழி எதுவும் வேண்டாம். மீன்பிடிப் படகு ஆள் ஏற்றுவதற்காகப் பதிவு செய்யப்பட்டது இல்லை. இது எல்லைக் கடல் வேறு. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், எல்லைக்கோடு அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். விசைப்படகுகளே மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கித்தான் போகின்றன. அதனால் தெரிந்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரிடம் பேசி, அவரையும் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் குழுமத்திலும் எழுத்து மூலம் சொல்லுங்கள்: இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை பேர், அஸ்தி கரைக்க. இறப்புச் சான்றிதழ் நகல், எல்லோருடைய ஆதார் நகல், அப்பாவின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல் மூன்றையும் இணையுங்கள். பாம்பனில் துறைமுக அலுவலகமும் இருக்கிறது. சுற்றுலாப் படகு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று அங்கே கேட்கலாம். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாத நாளாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் கிடைத்தால் இன்னும் நல்லது, வடகடலும் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து இரண்டு மூன்று கடல் மைல் போதும். கடற்பாசி வளர்க்கும் மிதவைகளும் நண்டுவலையும் இல்லாத இடமாகப் படகுக்காரரே பார்த்து நிறுத்துவார்.

அங்கே என்ன செய்வது? படகை காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். பழைய நண்பர் ஒருவர் அப்பாவின் பெயர், ரேங்க், சர்வீஸ் நம்பர், எந்த எந்தக் கப்பலில் எந்த வருடம் என்பதைச் சத்தமாகப் படிக்கட்டும். என் மனசுக்கு இதுதான் சடங்கின் உயிர். மந்திரம் சொல்ல விரும்பினால் அதற்கு அப்புறம் சொல்லலாம். பியூகிள் ஊத ஆள் கிடைக்காவிட்டால் படை இறுதிச்சடங்கில் ஊதும் லாஸ்ட் போஸ்ட் இசையைச் செல்போனில் போடுங்கள், தவறே இல்லை. போசன் விசில் வைத்திருக்கும் பழைய ஆள் யாராவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கப்பலுக்கு வருகிறவரையும் போகிறவரையும் அந்த விசிலால்தான் மரியாதை செய்வோம். அதைக் கேட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போகட்டும்.

அஸ்தியை மேலேயிருந்து கொட்டாதீர்கள். காற்று போகிற பக்கத்து ஓரமாகக் குனிந்து, தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்திச் சாயுங்கள். இல்லையென்றால் எல்லோர் முகத்திலும் வந்து படியும், அந்த நேரத்தில் அது மனசை மிகவும் கஷ்டப்படுத்தும். கலசத்தோடு விடுவதானால் மண் கலசம், அடியில் இரண்டு மூன்று துளை, உள்ளே ஒரு கை மணல். துளை இல்லாத கலசம் மிதந்து திரும்பக் கரைக்கே வந்துவிடும். பித்தளை, பிளாஸ்டிக், நைலான் நூலில் கட்டிய மாலை எதுவும் வேண்டாம், உதிரிப்பூ போதும். மெடலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் அவரோடு அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள், அவை பேரப்பிள்ளைகளுக்கு உரியவை.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். அமெரிக்கக் கடற்படை இப்படி ஒருவரைக் கடலில் சேர்த்ததும், நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எழுதிக் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்புகிறது. நாமும் அதைச் செய்யலாம். இப்போது படகுகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் எழுதி, படகில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அப்பாவின் படத்துக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். கல்லறை இல்லையே, எங்கே போய்க் கும்பிடுவது என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறப்பை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்து, சான்றிதழில் நிறைய நகல் எடுத்து வையுங்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத்துறை இணைய முறையில் வருவதால் அதில் இறப்பைத் தெரிவித்தால்தான் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆணையில், அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தால்கூட அலைய வேண்டியிருக்கும், அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே திருத்திவிடுவது சுலபம்.

அப்புறம், அவருக்கு நினைவு நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எந்தக் கப்பல்கள், எந்த வருடங்கள், கூட இருந்தவர்களில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் ஊர் எது, யார் வந்து படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எரிப்பதைப் பற்றியும் அஸ்தியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். காற்று விட்டால் வடகடலா தென்கடலா, எதில் அவருக்கு விருப்பம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.